ஐந்துக்கு மேல் ஒன்று

போன மாதம் எங்கள் பழைய மில்லுக்கு எண்ணும் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. பூஜைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவளை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு செட்டியார்பட்டியில் பஸ் ஏறினேன். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, மெஷினை ஓட விட்டார்கள். மடித்த துணியை ஐந்தைந்தாக அதன் கண்ணுக்கு முன்னால் தள்ள வேண்டும். நான்கு இருந்தால் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஆறு இருந்தால் சிவப்பு விளக்கோடு ஒரு கத்தலும் சேர்ந்து வருகிறது.

என் இடத்தில் இப்போது சூப்பர்வைசராக இருக்கும் செல்வி காதருகே வந்தாள். "ஏக்கா, நாலு இருந்தா தப்புன்னு வெளங்குது. ஆறு இருந்தா எதுக்கு இந்தக் கத்து கத்துது? ஒண்ணு கூடுனா வாங்குறவியளுக்கு லாபந்தானே?"

'போடி கூறுகெட்டவளே' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சூடம் எரிகிற இடம், அடக்கிக்கொண்டேன். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அது நடந்த வருடம் அவள் நெசவுப் பக்கத்தில் இருந்தாள். "பொறவு சொல்லுதேன்" என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தால், வாயால் சொல்லி முடிகிற காரியமாக அது தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் சண்முகவடிவு. மில்லில் எல்லோருக்கும் வடிவக்கா. ஆஸ்பத்திரித் துணி செய்கிற மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். பிசிறு வெட்டுகிறவளாகச் சேர்ந்து, மடிப்பு, செக்கிங் என்று ஏறி, கடைசிப் பன்னிரண்டு வருடம் பேக்கிங் ஹாலுக்கு சூப்பர்வைசர். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்ன, நிறையவே அதிகம். இந்தக் கதையில் அதற்கும் பங்கு இருக்கிறது.

ராஜபாளையம் பக்கத்து பேண்டேஜ் துணி போகாத தேசம் இல்லை. நாங்கள் செய்ததில் கஷ்டமான சரக்கு 'மாப்'. வீடு துடைக்கிற மாப் இல்லை. ஆபரேஷனில் வயிற்றைத் திறந்தால் ரத்தத்தை ஒற்றி எடுக்க, குடலை ஒதுக்கி வைக்க, பல மடிப்புத் துணி ஒன்றை உள்ளே வைப்பார்கள். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. ஓரத்தில் ஒரு நாடா. உள்ளே எக்ஸ்ரேயில் தெரிகிற நீல நூல் ஒன்று ஓடும். ஐந்து மாப்பைச் சிவப்பு நூலால் கட்டினால் ஒரு கட்டு. அந்தக் கட்டை உறையில் போட்டு ஒட்டி, கிருமி நீக்கி, நாற்பது உறையை ஒரு பெட்டியில் அடுக்க வேண்டும்.

கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. மேசைக்கு இரண்டு பேர், எதிரெதிரே. ஒருத்தி ஒவ்வொரு மாப்பையும் இரண்டு பக்கமும் பார்த்து, பிசிறு வெட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணி ஐந்தை அடுக்கித் தள்ளுவாள். எதிரே இருப்பவள் அதே ஐந்தை மறுபடியும் வாய்விட்டு எண்ணிக் கட்டுவாள். மனசுக்குள் எண்ணக் கூடாது. மனசு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரும். வாய் அப்படிப் போகாது. எட்டு மேசையிலும் எண்ணுகிற சத்தம் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் குவாலிட்டி மேனேஜர் கோவிந்தராஜ் சார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். நெற்றியில் ஒற்றைக் கோடாகத் திருமண், சட்டைப் பையில் துளசி. எனக்கு நேர் எதிரான ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். தப்பைச் சரி செய்து முடித்த பிறகுதான் திரும்பக் கட்டுவார். கடிகாரம் மேசைக்கு வந்துவிட்டால் ஹாலில் ஒருத்தியும் தண்ணீர் குடிக்கக்கூட எழ மாட்டாள்.

நான் சேர்ந்த புதிதில் என் கட்டு ஒன்றில் பிசிறு நூல் தொங்கியது. கூப்பிட்டார். "டாக்டர் இந்த உறையைப் பிரிக்கும்போது அவர் கை எங்கம்மா இருக்கும்?" என்றார். தெரியாது என்றேன். "உள்ள இருக்கும். இன்னொருத்தர் வயித்துக்குள்ள. அவரால கையை வெளிய எடுத்து உன் பிசிறை வெட்ட முடியாது. போய் வேலையைப் பாரு." அவ்வளவுதான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதன் பிறகு முப்பது வருடம், அந்தக் கேள்வியை நானும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் மேசைக்கு வருகிறேன். அங்கே மும்தாஜ் எண்ணித் தள்ளுவாள், ஜெயராணி எண்ணிக் கட்டுவாள். ஒன்பது வருட ஜோடி. என் ஹாலிலேயே சுத்தமான கை அந்த நான்கு கைகள்தான். மும்தாஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜெயராணி சிரித்தே காரியம் சாதிப்பாள். மத்தியானம் இரண்டு டப்பாவையும் நடுவில் திறந்து வைத்து ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு ஒரு பக்கம் போகும், பெருநாளைக்கு பிரியாணி மறுபக்கம் வரும். ஜெயராணியின் ஒரே மகன் டேவிட் நர்சிங் படித்தவன். இஸ்ரேலில் எழுந்து நடமாட முடியாத ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனான். அவன் விமானம் ஏறிய அன்று ஜெயராணியோடு சேர்ந்து அழுதவள் மும்தாஜ்.

பிறகு அங்கே போர் வந்தது. அங்கே வந்த போர் எங்கள் மூன்றாம் மேசைக்கும் வந்தது.

முதல் வாரம் இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். அப்புறம் போனில் படங்கள் வர ஆரம்பித்தன. ஜெயராணிக்கு அவள் ஜெபக்கூட்டத்து ஆட்கள் ஒரு விதமான படம் அனுப்பினார்கள், மும்தாஜுக்கு அவள் சொந்தக்காரர்கள் வேறு விதமான படம் அனுப்பினார்கள். ஜெபக்கூட்டத்தில் இஸ்ரவேலுக்காக உபவாசம். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாலஸ்தீனத்துக்காக துஆ கேட்டார்கள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் பக்கத்தில் இருக்கும்போதே அது வெடித்தது.

"நேத்து டேவிட்டு பேசுனான்க்கா," என்று என்னிடம்தான் சொன்னாள் ஜெயராணி. "சைரன் அடிச்ச ஒடனே அந்தப் பெரியவரைத் தூக்கிக்கிட்டு ஓடுதானாம். ஒரு நாளைக்கு எம்புட்டு தடவை! ஆனா அந்தத் தேசத்தைக் கர்த்தர் கைவிட மாட்டாரு. ஆபிரகாமுக்கு அவரு கொடுத்த பூமி."

மும்தாஜ் கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டாள். "ஒன் மவனுக்கு ஒண்ணும் ஆவாது. நானும்தான் அல்லாகிட்ட கேக்கேன். ஆனா கொடுத்த பூமின்னு மட்டும் சொல்லாதட்டி. அங்க அடுப்பு வச்சு ஆக்கிக்கிட்டு இருந்தவளை எந்திரிச்சுப் போன்னு சொன்னா அவ எங்க போவா? இப்ராஹிம் நபி எங்களுக்கும்தான் நபி."

"மொதல்ல வந்து அடிச்சது யாரு?"

"அதுக்கு முன்னால அடிச்சது யாரு?"

அதற்கு முன்னால், அதற்கு முன்னால் என்று இருவரும் பின்னாலேயே போய், கடைசியில் ஆபிரகாம் வரைக்கும் போய் நின்றார்கள். எருசலேமுக்கு இரண்டு பேருமே போனதில்லை. மதுரையைத் தாண்டிப் போனதே அபூர்வம். ஆனாலும் அந்த ஊரின் பெயரை இருவருமே நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னார்கள். ஜெயராணிக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்த ஊர். மும்தாஜுக்கு நபிமார் தொழுத இடம். ஜெயராணி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள்.

எனக்கு அந்தத் தேசங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆடி அமாவாசைக்கு அய்யனார் கோவில் போய்வருகிறவள் நான். ஆனால் எங்கள் பக்கத்திலேயே, சப்பரம் எந்தத் தெரு வழியாகத் திரும்ப வேண்டும் என்ற தகராறில் பேச்சு நின்று, நல்லது கெட்டதுக்குக்கூட எட்டிப் பார்க்காத குடும்பங்களைத் தெரியும். ஒரு தெருமுக்குக்கே இந்தப் பாடு என்றால், சாமியே கொடுத்தது என்று நம்புகிற ஊருக்கு எந்தப் பாடு படமாட்டார்கள்? இது இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் மட்டும்தான்.

இரண்டு நாள் குத்தலும் குதர்க்கமுமாகப் போனது. மூன்றாம் நாள் வெளிநாட்டு ஆள் ஒருவர் ஹாலைச் சுற்றிப் பார்க்க வந்த நேரத்தில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவர் போனதும் மேசை முன்னால் போய் நின்றேன். "ஏட்டி, ரெண்டு பேருக்கும் சொல்லுதேன். ஒங்க சாமி சண்டையெல்லாம் கேட்டுக்கு வெளிய. இனிமே இந்த மேசையில வாயத் தொறந்தீய, ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவேன். கைதான் அசையணும். சத்தம் மூச்!"

சொன்னபடி கேட்டார்கள். அதுதான் வினை. மறுநாளிலிருந்து மூன்றாம் மேசையில் ஒரு சத்தமும் இல்லை. எண்ணுகிற சத்தமும் இல்லை. இரண்டு மூன்று தடவை அந்தப் பக்கம் போகும்போது எனக்கே ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பழகின கைதானே, மனசுக்குள் எண்ணுவார்கள், சண்டை இல்லாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் அந்த ஆர்டர் வேலையும் ஆரம்பித்தது. வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று கேட்டிருந்த மாப். எங்கே போகிறது என்று தொழிலாளிகளிடம் நாங்கள் சொல்வதில்லை. ஆனால் பெட்டியில் அச்சடிக்க வேண்டிய விலாசம் வந்ததும் ஸ்டோர்காரர் வாயிலிருந்து அது ஹாலுக்கு வந்துவிட்டது. காசாவில் இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு. ஜெயராணி அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று வந்து நிற்பாளோ என்று பயந்தேன். அவள் வரவில்லை. குனிந்த தலை நிமிராமல் கட்டினாள்.

வேலை முடிந்து, சரக்கு கிருமி நீக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்து, லாரி ஏற்றும் நாளும் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மில்லை விட்டு லாரி கிளம்பினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்க முடியும். காலை எட்டு மணிக்கு லோடுமேன் ஒருவர் ஒரு பெட்டியைத் தவறவிட்டு, டேப் பிய்ந்து வாய் பிளந்துவிட்டது. திரும்ப அடுக்கி ஒட்டுவதற்காக உறைகளை வெளியே எடுத்தேன். ஒரு உறையில் என் கை நின்றது.

கொஞ்சம் தடிப்பு. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அமுக்கிப் பார்த்தேன், அடுத்ததை அமுக்கிப் பார்த்தேன். அதைக் கோவிந்தராஜ் சார் மேசைக்கு எடுத்துப் போனேன். தராசில் வைத்தார். ஐந்து மாப் உறையோடு நூற்றுப்பத்து கிராம் இருக்க வேண்டும், ஒன்றிரண்டு முன்னே பின்னே. நூற்று முப்பத்தொன்று காட்டியது. உறையைக் கிழித்தார். ஆறு மாப். உள்ளே இருந்த சீட்டில் மேசை எண் மூன்று.

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவங்க ரெண்டு பேரையும் கூப்பிடும்மா," என்றார்.

வந்து நின்றார்கள். மேசையில் விரித்து வைத்த ஆறைப் பார்த்ததுமே மும்தாஜ் சொல்லிவிட்டாள். "நான்தான் சார் வச்சேன். இவளுக்குத் தெரியாது."

"எதுக்கும்மா?"

"அந்தப் பிள்ளைகளைப் போன்ல பாக்கேன் சார். மண்ணுக்குள்ள இருந்து எடுக்காவ. நான் என்னத்தக் கொடுக்க? எங்கிட்ட என்ன இருக்கு? காய்கறிக்காரியே எடை போட்ட பொறவு நாலு வெண்டைக்காயை அள்ளிக் கூடப் போடுதா. அது மாதிரி ஒரு துணி கூட வச்சேன். தெனமும் மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து, மொதக் கட்டுல ஒண்ணு. முப்பத்து மூணு நாளைக்கு முப்பத்து மூணு. தொழுதுட்டு உருட்டுவமே, தஸ்பீஹ் மணி, அந்தக் கணக்கு. என் சம்பளத்துல புடிச்சுக்கோங்க. கூடத்தானே சார் வச்சேன், கொறைக்கலையே!"

சார் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "டாக்டர் கை எங்கம்மா இருக்கும்?"

"உள்ள இருக்கும் சார்."

"ஆமா. கரண்ட் இல்ல. வெளிய குண்டுச் சத்தம். நர்சு ஒத்தையாளா நிக்கிறா. உறையைப் பிரிக்கிறா. உறை மேல அஞ்சுன்னு போட்டிருக்கு. அஞ்சுன்னு பலகையில எழுதுறா. எண்ணிப் பார்க்க நேரம் கிடைச்சா நல்லது. கிடைக்கலன்னா? ஆறும் உள்ள போகுது. முடிஞ்சதும் வெளிய எடுக்கிறாங்க. அஞ்சு வருது. பலகையிலயும் அஞ்சு. கணக்கு சரி. தைச்சிடுறாங்க." நிறுத்தினார். "நாலுதான் இருந்திருந்தா, ஒண்ணைக் காணோமேன்னு திரும்பத் திரும்பத் தேடியிருப்பாங்க. கொறைஞ்சா தேடுவாங்கம்மா. கூடுனா தேட மாட்டாங்க. அந்தப் பிள்ளை வயித்துல உன் துணி கிடந்து அழுகும்."

மும்தாஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா, யா அல்லா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஜெயராணி பக்கம் திரும்பினேன். "கட்டுதவ நீதானே? அஞ்சுக்கும் ஆறுக்கும் ஒன் கைக்கு வித்தியாசம் தெரியலையாட்டி?" அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் மேசை கட்டியது மொத்தம் எண்பது பெட்டி. பெட்டி மேல் மேசை எண் உண்டு, ஆனால் திரும்பி வந்தபோது வரிசை கலைந்து அடுக்கியிருந்ததால் எந்த நாள் கட்டு எதில் என்று தெரியாது. உறையைப் பிரித்தால் கிருமி நீக்கியது வீண். அதனால் பிரிக்காமல் ஒவ்வொரு உறையாக எடை போட வேண்டும். மூவாயிரத்து இருநூறு உறை. மறுபடியும் தப்பு நடக்காமலிருக்க யாரை உட்கார வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சார் சொன்னார்: "அவங்களே உட்காரட்டும். எதிரெதிர. ஒருத்தர் எடையைப் படிக்கணும், இன்னொருத்தர் பார்த்துத் திரும்பச் சொல்லணும். சத்தமா."

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பேசியது அன்றைக்குத்தான். பேசியதும் எண் மட்டும்தான்.

"நூத்திப் பத்து," என்பாள் ஜெயராணி.

"நூத்திப் பத்து," என்பாள் மும்தாஜ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நான் பெட்டியைத் திறந்து கொடுத்தேன், இன்னொருத்தி திரும்ப அடுக்கி ஒட்டினாள். நூற்று முப்பது வரும்போதெல்லாம் ஜெயராணியின் குரல் ஒரு நொடி நின்று வரும். அந்த உறையைத் தனியாக ஒரு தட்டில் வைத்து, சார் நோட்டில் ஒரு கோடு போடுவார். காலையில் கிழித்ததையும் சேர்த்து மத்தியானம் பதினெட்டுக் கோடு. சாப்பிட யாரும் எழவில்லை. மூன்று மணிக்கு இருபத்தொன்பது. லாரி டிரைவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை உள்ளேயே வந்துவிட்டார். "சார், அஞ்சைத் தாண்டுனா நான் பொறுப்பில்ல. இந்தக் கப்பலை விட்டா அடுத்தது எம்புட்டு நாளோ. அங்க ஆஸ்பத்திரியில துணி இல்லாம கெடக்காவன்னு நீங்கதான சொன்னீய."

எழுபத்தொன்றாம் பெட்டியில் முப்பத்து மூன்றாவது உறை கிடைத்தது. மணி நான்கு. ஹாலே மூச்சு விட்டது. மும்தாஜ் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொன்ன கணக்கும் கிடைத்த கணக்கும் ஒன்றாகிவிட்டது. இன்னும் ஒன்பது பெட்டி பாக்கி. "போதும் சார், ஏத்திருவோம்" என்று சொன்னவள் நான்தான். என் சர்வீஸில் முதல் தடவையாக, வேலை முடிவதற்கு முன்னால் கோவிந்தராஜ் சாரின் கை கடிகாரத்துக்குப் போனது. எடுத்து, மணிக்கட்டில் வைத்து, வாரைக் கோர்த்தார்.

"நிறுத்தாதீய சார்."

ஜெயராணி எழுந்து நின்றாள். "இன்னும் ஒண்ணு இருக்கு."

"இல்ல சார்," என்று பதறினாள் மும்தாஜ். "முப்பத்து மூணுதான். நான் மணி உருட்டி எண்ணியிருக்கேன். அல்லா மேல சத்தியமா முப்பத்து மூணுதான்."

"ஒன் கணக்கு சரிதான்ட்டி," என்றாள் ஜெயராணி. எண் இல்லாத முதல் பேச்சு அதுதான். "அந்த ஒண்ணு நான் வச்சது."

அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கை வேண்டுமென்றே கெடுத்தாளோ என்று நினைத்துவிட்டேன். நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஹாலில் இருந்த மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவள் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு சாரிடம் சொன்னாள்.

"நடுவுல ஒரு தடவை டேவிட்டு மூணு நாளு போன் எடுக்கல சார். மூணு நாளும் நான் சோறு தின்கல, தூங்கல. எங்க கூட்டத்துல எல்லாரும் இஸ்ரவேலுக்காக ஜெபம் பண்ணுனாவ, நானும் அழுது ஜெபம் பண்ணுனேன். மறுநாள் இங்க வந்து ஒக்காந்தேன். இவ ஆறு வச்சுத் தள்ளுதா. எனக்குக் கட்டும்போதே தெரியும், மொத நாள்லருந்தே தெரியும். தடுத்தா, எனக்கு அந்தப் பிள்ளைக மேல எரக்கமில்லன்னு இவ நெனைப்பாளோன்னு கட்டிக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு அதைக் கையில பிடிச்சதும், அந்தப் பக்கத்துலயும் ஒரு தாயி இப்படித்தானே சோறு தின்காம கெடப்பான்னு தோணிப்போச்சு. அடுத்த கட்டுல நானும் ஒண்ணு வச்சேன். வாயி இஸ்ரவேலுக்குத்தான் சார் ஜெபிச்சுது. கைதான் அதை வச்சிருச்சு."

"காலையிலயே ஏம்மா சொல்லல?"

"பயந்துட்டேன் சார். எங்க ஆளுக என்ன சொல்லுவாவன்னும் பயந்தேன், வேலை போயிருமேன்னும் பயந்தேன். அந்த ஒண்ணு முன்னாடியே தராசுல வந்துருச்சுன்னா யாருக்கும் தெரியாதுன்னு இருந்தேன். வரல. வராமலே நிறுத்தப் போனீய."

சார் கடிகார வாரை மறுபடியும் அவிழ்த்தார். மேசையில் வைத்தார். "உட்காரும்மா. படி."

எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று. மும்தாஜின் குரல் இப்போது உரக்க வந்தது. ஜெயராணியின் குரல்தான் நடுங்கியது. எழுபத்தெட்டாம் பெட்டியில், அடி வரிசையில், நாலே முக்காலுக்கு, "நூத்தி முப்பது" என்றாள். சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் "போதும் சார், ஏத்திருவோம்" என்று சொன்ன பெட்டிகளில் ஒன்று அது. இன்றைக்கும் சில நாள் சோற்றில் கை வைக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

மும்தாஜ் அந்த உறையை எடுத்துத் தன் முப்பத்து மூன்றோடு ஒரே தட்டில் போட்டாள். "சார், முப்பத்து நாலும் நான்தான்னு எழுதிருங்க. இவ மவன் அங்க தூரத்துல கெடக்கான். வேலையும் போச்சுன்னா என்ன பண்ணுவா?"

"கூட்டியும் எழுத மாட்டேன், குறைச்சும் எழுத மாட்டேன்மா," என்றார் சார். முப்பத்து மூன்று, ஒன்று என்று இரண்டு பெயருக்கு நேரே எழுதினார். மீதி இரண்டு பெட்டியையும் எடை போடச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை.

"என் பேரையும் எழுதுங்க சார்," என்றேன். "வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னவ நான். எண்ணுத சத்தம் நின்னது என்னாலதான்." என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. இத்தனை பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டு பழக்கமில்லாதவள்.

"தெரியும்மா. நானும் ஹால் வழியாத்தானே தினம் போறேன். மூணாம் மேசையில சத்தம் இல்லைன்னு எனக்கும் காதுல விழுந்துச்சு. நானும் கேக்கல," என்று சொல்லி என் பெயரை எழுதி, அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். பேப்பரில் முப்பத்து நாலு உறை குறைவு என்று திருத்தி, கையெழுத்துப் போட்டு லாரியை அனுப்பினார். அப்போது மணி ஐந்தே கால். டிரைவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஏறினார், ஆனால் கப்பலைப் பிடித்துவிட்டார்.

நான்கு பேருக்கும் மெமோ வந்தது. அவர்கள் இரண்டு பேரையும் ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். வேலையை விட்டே அனுப்பச் சொல்லி ஆபீஸில் பேச்சு வந்தபோது சார், "இன்னும் ஒண்ணு இருக்குன்னு சொல்ற கையை நான் வேற எங்க போய்த் தேட?" என்று கேட்டாராம். அந்தச் சரக்கு எல்லையில் நின்றதா, உள்ளே போய்ச் சேர்ந்ததா, எத்தனை வயிற்றின் ரத்தத்தை ஒற்றியது, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. டேவிட் இன்னமும் அங்கேதான் இருக்கிறான். மும்தாஜும் ஜெயராணியும் இன்னமும் மூன்றாம் மேசையில்தான். அந்தப் பூமி யாருடையது என்பதில் இன்று வரை இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை, இனியும் போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போன மாதப் பூஜையன்று பார்த்தேன். மெஷின் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது, அதன் பக்கத்திலேயே இவர்களும் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

செல்வி, உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு லாரி கேட்டைத் தாண்டிய பிறகுதான் யாருமே மத்தியானம் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஜெயராணி தன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மும்தாஜ் எதிரே போய் உட்கார்ந்து, அவளுடைய டப்பா மூடியைப் பிடுங்கி, தான் கொண்டு வந்த சப்பாத்தியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். ஆறிப்போய் விறைத்த சப்பாத்தி. நாள் முழுக்க எண்ணிய வாய் இரண்டு பேருக்கும் தானாகவே அசைந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று வந்து, ஐந்தாவதையும் வைத்தாயிற்று. மும்தாஜ் இன்னொன்றை எடுத்தாள்.

"அஞ்சு ஆச்சுட்டி, போதும்," என்று ஜெயராணி மூடியைக் கையால் மறைத்தாள்.

மும்தாஜ் அந்தக் கையைத் தள்ளிவிட்டு ஆறாவதையும் வைத்தாள். "தின்னுட்டி. சோத்துல யாராவது எண்ணுவாளா?"